அம்மா காதில் விழாத வார்த்தைப்பாடு

ஆமத்தூர்,
17.2.2008

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் தம்பி மாரிக்கண்ணனும் சுகமாக இருக்கிறார்கள், நீயும் உன்னோடு மடத்தில் இருக்கிற சிஸ்டர்மாரும் அந்த ராஞ்சிக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனையும் உன் சேசுவையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன், இரண்டு பேரில் யாருக்குக் காது கேட்கிறதோ அவர் பார்த்துக்கொள்ளட்டும். என் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உறையின் மேல் சிஸ்டர் பிலோமின் என்று உன் மடத்துப் பெயரை உன் தம்பிதான் இங்கிலீஷில் எழுதுகிறான், அப்படி எழுதாவிட்டால் உன் கைக்கு வந்து சேராதாம். உள்ளே நான் இசைவாணி என்றுதான் எழுதுவேன். பங்குச் சாமியார்கூட ஒருநாள் என்னைப் பார்த்து, சின்னச்சாமி இனிமேல் மகளிடம் நீங்க என்று மரியாதையாகப் பேச வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சரி சாமி என்றேன். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவன் நான், என் நாக்கு அதற்குப் புரளாது.

பொங்கல் கழிந்த மறுவாரம் உன் கடிதம் வந்தது. மே மாதம் திருச்சி மடத்தில் உனக்கு நித்திய வார்த்தைப்பாடு என்றும், இத்தனை நாள் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு வந்ததுபோல இல்லை, இந்தத் தடவை கொடுக்கிற வார்த்தை சாகும்வரைக்கும் என்றும் எழுதியிருந்தாய். பூசைக்கு அப்பாவின் பேண்டு செட்தான் வரவேண்டும், பீடத்துக்கு நான் நடந்து போகும்போது வேறு கொட்டு எதுவும் வேண்டாம், அப்பாவின் பைப்பு மட்டும் கேட்டால் போதும் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஒரு மாதமாகப் பதில் போடாமல் இருந்தது சோம்பலால் இல்லை. என்னால் வர முடியாது தாயி. வந்தாலும் வாசிக்க முடியாது. இதை எழுதத்தான் ஒரு மாதம் ஆனது.

பட்டாசு ஆபீஸ் மருந்து ரூமில் இருபத்திரண்டு வருஷம் உப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சலித்தவனுக்கு நெஞ்சு என்ன ஆகுமோ அது ஆகியிருக்கிறது. கார்த்திகையிலிருந்தே வேலைக்குப் போவதில்லை, உனக்கு எழுத வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன், அம்மாவைத் திட்டாதே. மதுரை டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. இது குறையாதுங்க, கூடாமப் பாத்துக்கலாம் என்றார். அவரும் எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருப்பாரோ, முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்கு அப்போதும் புத்தி பைப்பில்தான். ஊதலாமா என்று கேட்டேன். எதை என்றார். தோல் பை, அதற்கு வாயில் ஒரு குழல், தோளில் சாத்திய சுருதிக் குழல் மூன்று, விரல் வைத்து வாசிக்கிற குழல் ஒன்று, வாயால் பையை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அந்த மனிதர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பேரப்புள்ளைக்கு பலூன்கூட ஊதிக் குடுத்துறாதீங்க என்றார். பேரப்பிள்ளை இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா கடைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பையை எடுத்துத் தோளில் போட்டேன். நாலு ஊதலில் புடைத்துக்கொள்கிற பை பன்னிரண்டு ஊதலுக்கும் பாதி எழும்பவில்லை. ஒரு குழல் மட்டும் கன்றுக்குட்டி மாதிரிக் கத்திவிட்டு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு வந்த இருமலில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து பையைப் பிடுங்கிப் பீரோ மேல் போட்டாள், அதோடு சரி.

எனக்கு யார் மேலும் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். என் மேலேயே கோபம். நாம் கும்பிடுவது வேறு, கொட்டப் போவது வேறு என்று எங்கள் செட்டில் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக்கொண்டிருப்பேன். கொடியேற்றம், தேர்ப்பவனி, புதுநன்மை, கல்யாணப் பூசை, அடக்கப் பூசை என்று சாத்தூரிலிருந்து விருதுநகர் வரை எந்தக் கோவிலானாலும் நமக்குத்தான் சொல்லிவிடுவார்கள். கிளாரினெட்டும் டிரம்பட்டும் எல்லா செட்டிலும் இருக்கும், பைப்பு வாசிக்க இந்தப் பக்கம் வேறு ஆள் கிடையாது. பூசை நடக்கிறபோது நாங்கள் உள்ளே போவதில்லை, பக்கவாசலுக்கு வெளியே நிற்போம், பூசைக்கு எடுபிடி வேலை பார்க்கிற கோவில்பிள்ளை துண்டை ஆட்டினால் அடிப்போம், ஆட்டாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்போம். உனக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு திருநாளுக்கு, அன்று அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை என்பதால் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் செட்டுக்காரன் பத்திரகாளி பெரிய டிரம்மில் விட்ட அடிக்கு நீ காதைப் பொத்திக்கொண்டு அழுதாய். பிள்ளை காது கெட்டுப்போகும் என்று நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே ஃபேனுக்கு அடியில், பாடுகிற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் நீயே போய் அங்கே உட்கார்ந்துகொண்டாய். பிறகு சிஸ்டர்மார் போர்டிங், பதினெட்டு வயதில் ஞானஸ்நானம், இருபதில் மடம். நன்றாகப் படிக்கிற பிள்ளை, டீச்சராகித் திரும்பி வருவாள் என்று நாங்கள் இருந்தோம். உன் அத்தை பஞ்சம்மாள் இன்றைக்கும் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், புள்ளைய கொண்டுபோயி உள்ள உக்கார வச்சது நீதானலே, இப்ப நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு என்ன செய்ய என்கிறாள். அக்காள் என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் நானும் பதிலுக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு காரியம் நடந்தது. அது நடந்திராவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நான் காலை வெயிலில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து பார்க்கிறேன், வீட்டு வாசலில் ஏழெட்டுச் செருப்பு கிடக்கிறது. உள்ளே சாத்தூரிலிருந்து ஒரு குடும்பம், பூவும் பழமும் தட்டில் வைத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், தரகு பார்க்கிற செல்லக்கனி நடுவில் இருக்கிறாள். உன் தம்பிக்குத்தான் எங்கேயோ பெண் அமைந்திருக்கிறது என்று நினைத்து நானும் வாங்க வாங்க என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, உன்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அம்மா எனக்குத் தெரியாமல் உன் ஜாதகத்தைச் செல்லக்கனியிடம் கொடுத்திருக்கிறாள். பெண் வடக்கே டீச்சராக இருக்கிறாள், மே மாதம் லீவில் வருவாள், ஆனியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறபோது தாவணியோடு எடுத்த உன் போட்டோவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்துப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி உன் பெயரை வெட்டி வைத்திருக்கிறாள் தாயி, குடம், அடுக்கு, தூக்குவாளி எல்லாம் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு வாங்கிய தாம்பாளத்தில் பெயரோடு வருஷமும் வெட்டியிருந்தது. அத்தனை நாள் அதே கட்டிலில் படுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

நான்தான் அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளையின் தகப்பனார் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. எழுந்து மேல்துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, சாமிக்குக் குடுத்த புள்ளையவா எங்களுக்குக் காட்டுனீக என்று மட்டும் கேட்டார். பூவை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உன் தம்பி வெட்கத்தில் வெளியே போனவன் மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை, தெரு முழுக்க அன்றைக்கு நம் வீட்டைப் பற்றித்தான் பேச்சு. நான் அம்மாவை அதட்டினேன், உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, பிள்ளை ஆறு வருஷத்துக்கு முன்பே வார்த்தை கொடுத்துவிட்டாள், மே மாதத்தோடு அது சாகும்வரைக்கும் என்று ஆகிறது என்றேன். அவள் அழவில்லை. பாத்திரங்களைத் திரும்பச் சாக்கில் அடுக்கிக்கொண்டே சொன்னாள், "அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? முன்னால உக்காந்திருந்த எனக்குக் கேக்கலையே. பெத்தவ காதுல விழாத சொல்லுக்கு நான் என்னத்துக்குங்க கட்டுப்படணும்?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த முதல் வார்த்தைப்பாட்டு நாள் உனக்குத் தெரியாததில்லை, ஆனால் நீ உள்ளே இருந்தாய், நான் வெளியே இருந்தேன். வெளியே நடந்ததை இத்தனை நாள் நான் யாருக்கும் சொன்னதில்லை. அம்மாவையும் உன் தம்பியையும் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாங்கள் வழக்கம்போலப் பக்கவாசலில் நின்றோம். சைகை காட்டாமல் அடிக்கக் கூடாது என்று கட்டம் போட்ட சேலை கட்டிய ஒரு சிஸ்டர் அம்மா மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார். நீ வெள்ளைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, கையில் மெழுகுவர்த்தியோடு மண்டி போட்டாய். உன் பக்கத்தில் ஒருவர் தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றார், தட்டில் கறுப்புக் கயிற்றில் கோத்த சிலுவை இருந்தது. பெண் குனிந்திருக்கிறது, தட்டில் கழுத்துக்குப் போடுகிற கயிறு இருக்கிறது, அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் வாசித்தவன் கை, தானாக மேலே போய்விட்டது. நான் கையைத் தூக்கினால் செட்டுக்காரர்களுக்கு அது கெட்டிமேளத்துக்குச் சைகை. பத்திரகாளி பெரிய டிரம்மைப் போட்டுச் சாத்த, தங்கச்சாமி கிளாரினெட்டில் ஏற, நான் பையை அமுக்க, கோவில் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. சிலுவை போடுவது பிறகு, வார்த்தை சொல்வது முதலில் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும். அந்த நேரம்தான் நீ வாயைத் திறந்திருக்கிறாய்.

அதுவரைக்கும் நடந்தது தெரியாமல் செய்த தப்பு, அதை நானும் ஒத்துக்கொண்டு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்த சிஸ்டர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார், டிரம் நின்றது, கிளாரினெட் நின்றது, என் பைப்பு மட்டும் நிற்கவில்லை. நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் அது கத்திக்கொண்டே இருந்தது. பூசை வைத்த சாமியார் சிரித்துவிட்டு, ஆண்டவருக்குக் கேட்டிருச்சு, போதும் என்று சொன்னதாக உன் தம்பி சொன்னான். சாப்பாட்டுப் பந்தியில் சிஸ்டர்மார் எல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டு ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்கள். பையில் காற்று இருக்கிறவரைக்கும் அதை நிறுத்த முடியாது சிஸ்டர், காற்றுத் தீர்ந்தால்தான் நிற்கும் என்றேன். எல்லாரும் நம்பினார்கள், நீயும் நம்பினாய். ராஞ்சியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம் என்று இரண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறாய்.

அது பொய் தாயி. பைப்பை நினைத்த நொடியில் நிறுத்தலாம். பையை அமுக்குகிற முழங்கையை எடுத்தால் போதும், பை நிறையக் காற்று இருந்தாலும் கத்தியால் வெட்டினதுபோல நின்றுவிடும். கற்றுக்கொள்கிற முதல் வாரத்திலேயே அதைத்தான் சொல்லித் தருவார்கள். நான் முழங்கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்ட சொல் எதுவும் பெண் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் அடிக்கிறோம். எனக்கு அன்றைக்கு நீ சொல்ல வந்த சொல்லே கெட்ட சொல்லாக இருந்தது. புருஷன் வேண்டாம், பிள்ளை வேண்டாம், எனக்கென்று வீடு வேண்டாம் என்று என் மகள் சபையில் சொல்வதை யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். சிஸ்டர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், எனக்குத் தெரிகிறது, உன் உதடு அசைவதும் தெரிகிறது, அது நிற்கிறவரைக்கும் நான் நிறுத்தவில்லை. பத்திரகாளிக்கு மட்டும் தெரியும், என் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றவன். திரும்பி வருகிறபோது பஸ்ஸில், என்னண்ணே, முழங்கை மரத்துப்போச்சா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அதனால் என்ன லாபம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. நீ போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டாய். உன் அம்மா மட்டும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றுவிட்டாள். எம்மக ஒண்ணும் சொல்லலை, எனக்குக் கேக்கலை என்று பேச ஆரம்பித்தாள், முதலில் எல்லாரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம், வருஷம் போகப் போக அது நிஜமாகவே அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது. நீ வருஷா வருஷம் அங்கே புதுப்பித்ததெல்லாம் அவளுக்குக் கணக்கில் இல்லை, அவள் பார்க்கவில்லை. உன்னைத் தடுக்கிறேன் என்று நான் அமுக்கின பை உன் மேல் படாமல் அவள் மேல் விழுந்திருக்கிறது. உண்மையை அவளிடம் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அவள் எனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வாங்கிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். நான் போன பிறகு நீ சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மூச்சு இருந்தால் இந்த மே மாதமும் வந்து அதையேதான் செய்திருப்பேன், மூச்சு இல்லை, அவ்வளவுதான். செட்டுக்காரர்கள் வருகிறோம் என்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருவது அம்மாவும் மாரிக்கண்ணனும் மட்டும். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எழுதியிருக்கிறாய், வா, நான் இருந்தால் பார்க்கலாம். இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், டாக்டர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அதற்காக அழுதுகொண்டு மதரிடம் முன்கூட்டியே லீவு கேட்டு நிற்காதே. நீ நடுவில் ஒரு தடவை வந்துவிட்டால் அம்மா, மகள் திரும்பி வந்துவிட்டாள் என்று சாக்கை அவிழ்த்துவிடுவாள், பிறகு உன்னை அனுப்பிவைக்க என்னிடம் தெம்பு இல்லை.

தம்பிக்கு இந்த வருஷமாவது பெண் பார்க்க வேண்டும், அச்சு ஆபீஸில் லேபிள் வெட்டுகிற மெஷினில் இருக்கிறான், மருந்துப் பக்கம் போகவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீயும் ஒரு வரி எழுது, நீ சொன்னால் கேட்பான். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பல் ஈறு வீங்கும், உப்புத் தண்ணீர் கொப்பளி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறபோது தொண்டையைக் கிழித்துக்கொள்ளாதே.

வாழ்த்தி முடிக்கலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன், பெண்பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்த வாழ்த்தெல்லாம் பூவும் பொட்டும் பிள்ளைகுட்டியுமாகத்தான் என் வாயில் வருகிறது. உனக்கு எது பொருந்தும் என்று தெரியவில்லை. நல்லா இரு தாயி. போன இடத்தில் யாரும் உன்னை ஒரு சொல் சொல்லாமல், நோய்நொடி இல்லாமல், நல்லா இரு.

மறந்துவிடாமல் ஒன்று செய்ய வேண்டும், இந்தக் கடிதமே அதற்குத்தான். அம்மாவை இந்தத் தடவையும் முதல் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல். நீ எப்போதும் கோவிலில் மெல்லப் பேசுகிறவள், அன்றைக்கு அப்படிச் சொல்லாதே. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல். அவள் அழுதாலும் நிறுத்தாதே. முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சின்னச்சாமி